அளந்து முடியாத ஞானம்

ரோமர் 11-ஆம் அதிகாரத்தின் கடைசி நான்கு வசனங்களை வீட்டு ஜெபத்தில் அடிக்கடி சொல்கிறோம். அவற்றைத் தனியாகப் பிரித்து வாசித்தால் பாதிதான் கிடைக்கும் என்பது என் எண்ணம். 9-ஆம் அதிகாரத்தில் பவுல் எப்படித் தொடங்குகிறார் பாருங்கள். சொந்த ஜனத்துக்காக நெஞ்சில் ஓயாத வேதனை. அவர்களுக்காகத் தானே சபிக்கப்படவும் சம்மதம் என்கிறார் அந்த மனிதர்! பிறகு கேள்விமேல் கேள்வி. யாக்கோபு, ஏசா, பார்வோன், குயவன் கைக் களிமண், நல்ல ஒலிவமரத்தில் ஒட்டப்பட்ட காட்டுக்கிளை. இத்தனையும் அலசியவர், தர்க்கத்தை அங்கேயே விட்டுவிட்டு, அந்தக் கடைசி நான்கு வசனங்களில் துதிக்கத் தொடங்கிவிடுகிறார். வேதனையில் தொடங்கிய வாய் அது.

அந்தத் துதிக்குள் ஏசாயா 40-உம் யோபு 41-உம் ஒலிக்கின்றன. யோபுவுக்கும் அப்படித்தானே நடந்தது? பத்துப் பிள்ளைகளையும் பறிகொடுத்தவனுக்குக் காரணம் கடைசிவரை சொல்லப்படவில்லை. மலையாடு குட்டி போடும் காலத்தையும், உச்சிப் பாறையில் கழுகு கட்டும் கூட்டையும் காட்டி ஆண்டவர் கேள்வி கேட்டார். அவன் கையால் வாயைப் பொத்திக்கொண்டான். குட்டி போடும் ஆட்டைக்கூட மறவாதவர் என் வீட்டை மறப்பாரா?

ஆண்டவரே, உம் வழிகள் எனக்கு எட்டாதவை. எட்டாமல் நின்றே உம்மைத் துதிக்கிறேன். மகிமை உமக்கே. ஆமென்.