கழிவுச் சீட்டு ஒட்டும் முன்



எங்கள் அலுவலகத்தில் இந்த வாரம் சில கணினிகளை ஓரங்கட்டினார்கள். ஒன்றிலும் பழுதில்லை. விண்டோஸ் 10-க்கான ஆதரவு 2025 அக்டோபர் 14-இல் நின்றுவிட்டது. விண்டோஸ் 11 கேட்கும் டி.பி.எம். 2.0 சில்லு இவற்றில் இல்லை. குற்றம் அவ்வளவுதான்.

இங்கே மலேசியாவில் ஓர் அலுவலகம் கழித்த கணினியை எடைக்குப் போட்டுவிட முடியாது. 2005-இன் அட்டவணைக் கழிவு விதிகளில் இத்தகைய மின்னணுக் கழிவுக்கு எஸ்.டபிள்யூ.110 என்று தனிக் குறியீடே உண்டு. சீட்டு ஒட்ட வேண்டும், கழிவான தேதியை எழுத வேண்டும், 180 நாளுக்கு மேல் வைத்திருக்கக் கூடாது, உரிமம் பெற்றவரிடம் மட்டுமே ஒப்படைக்க வேண்டும். நம் ஊராக இருந்தால் காயலான் கடைக்காரர் அன்றைக்கே கட்டி எடுத்துப் போயிருப்பார். இந்தக் கண்டிப்பு எனக்குப் பிடித்திருக்கிறது.

சீட்டு ஒட்டுவதற்குள் ஒன்றைக் கேட்டு வாங்கினேன், காவலுக்கு இருக்கும் அக்காவின் மகளுக்காக. நான்காம் படிவம் படிக்கிறாள். அதில் விண்டோஸுக்குப் பதிலாகக் கட்டற்ற இயங்குதளமான லினக்ஸை ஏற்ற நினைத்தேன்; அவளோ அதைக் கண்ணால் பார்த்ததில்லை.

லினக்ஸ் தெரிந்தவர்கள் ஆளுக்கொரு லினக்ஸ் வகையைச் சொல்வார்கள். தமக்குப் பிடித்ததைச் சொல்வார்கள். புதியவருக்கு அது உதவாது. முதல் நாளே யாரையும் கேட்காமல் அவள் பாடத்தைத் திறக்க வேண்டும். அதனால் லினக்ஸ் மிண்ட். 2006-இல் உபுண்டு என்ற லினக்ஸை அடியாக வைத்து வந்தது. மெனு இடது கீழ்மூலையில், பழகிய இடத்திலேயே இருக்கும். எழுதவும் கணக்குப் போடவும் லிப்ரே ஆபீஸ் கூடவே வரும். 4 ஜி.பி. நினைவகத்துக்கு மிண்டின் எக்ஸ்எஃப்சிஇ பதிப்பு போதும். பள்ளிப் பாடங்களுக்கான டெலிமா தளம் உலாவியிலேயே திறக்கும். நிறுவும் முன் பென்டிரைவிலிருந்தே ஓட்டிப் பார்க்கலாம். வைஃபை வருகிறதா, ஒலி கேட்கிறதா என்று அப்படித்தான் பார்த்தேன். தமிழ்99 விசைப்பலகையை அமைப்புகளில் சேர்த்துக் கொடுத்தேன்.

அவள் தமிழில் தன் பெயரைத் தட்டியபோது மனம் ஊருக்குப் போய்விட்டது. 2011-இல் தமிழக அரசு கொடுக்கத் தொடங்கிய விலையில்லா மடிக்கணினிகளில் விண்டோஸோடு பாஸ் லினக்ஸும் இருந்தது. சென்னையில் சி-டாக் நிறுவனம் உருவாக்கியது, தமிழ் முகப்போடு. கிராமத்துப் பிளஸ் டூ பிள்ளையின் கைக்குக் கட்டற்ற மென்பொருளைக் கொண்டுபோய்ச் சேர்த்தது நம் மாநிலம். மலேசியாவிலும் 2004-லேயே அரசுத் துறைகளுக்குத் திறமூலத் திட்டம் வகுத்தார்கள்; ஆனால் அது அலுவலகங்களுக்கானது, பிள்ளைகளின் கைக்கு அல்ல. நாம் செய்தது பெரிய காரியம். சொல்லிக்கொடுக்க ஆளில்லாமல் எங்கள் தெருவில் பலர் பாஸ் லினக்ஸைத் திறந்தே பார்க்கவில்லை என்பதுதான் இன்றும் ஆறவில்லை.

கணக்கர் மேசையில் இருக்கும் கணினியை மட்டும் நான் தொடவில்லை. அவருடைய மென்பொருள் விண்டோஸில்தான் ஓடும். அவருக்கு மிண்ட் சரிப்படாது.

உங்கள் வீட்டுப் பரணில் அந்த விலையில்லா மடிக்கணினி இன்னும் கிடந்தால், எடைக்குப் போடும் முன் மிண்ட் ஏற்றிய பென்டிரைவைச் செருகிப் பாருங்கள். ஓடினால் தெருவில் எந்தப் பிள்ளைக்குத் தேவை என்று உங்களுக்கே தெரியும்.