சுக்கான் இல்லாத தேர்

திருச்சிக்குத் தெற்கே, புதுக்கோட்டை மாவட்டத்தில் இருக்கிறது ஆவூர். வீரமாமுனிவர் ஊழியம் செய்த ஊர். 1747-ல் எழும்பிய மாதா கோயிலைப் பார்க்க ஈஸ்டர் சமயத்தில் போங்கள். பாஸ்கு நாடகமும் தேரும் சேர்ந்து கிடைக்கும். எல்லா மதத்தாரும் கூடுவார்கள்.

தேர் என்றதும் வடத்தைத்தானே பார்ப்போம்? எந்த ஊர்த் தேரானாலும் சரி, ஒரு தடவை சக்கரத்தைக் கவனியுங்கள். படகுக்குச் சுக்கான் உண்டு. மரத்தேருக்கு அது கிடையாது. அச்சு இடம் வலம் அசையாது. ஆகையால் திருப்புவதெல்லாம் முட்டுக்கட்டைதான். ஒரு பக்கத்துச் சக்கரத்துக்குக் கட்டை கொடுத்தால் அது தயங்கும்; மறுபக்கம் முன்னேறும்; தேர் திரும்பும்.

திருவாரூர் ஆழித்தேர் போன்ற பெருந்தேர் வீதி முனையில் முரண்டு பிடித்தால் என்ன செய்வது? சக்கரத்தின் கீழ் இரும்புத் தகடு போட்டு, மசகு தடவி வழுக்க விடுவார்கள். அந்தத் தேருக்குத் திருச்சி பாரத மிகுமின் நிலையத்தார் ஹைட்ராலிக் பிரேக்கே அமைத்துக் கொடுத்திருக்கிறார்கள்.

பிரேக் இருந்தாலும், கட்டை போடுகிறவர் உயிரைக் கையில் பிடித்துக்கொண்டுதான் சக்கரத்தடியில் குனிகிறார். ஆகவே, வடம் தொடும் ஆசையில் குழந்தைகளைச் சக்கரத்தருகே விட்டுவிடாதீர்கள், அம்மா! அவர் கை காட்டும்வரை வடத்தை இழுக்கவும் வேண்டாம்.