வாழ்வோருள் வல்லவர் யார்?

“பெரியவர் யார்?” என்னும் வினா மனிதர் கூடி வாழத் தொடங்கிய நாள்முதல் இருந்து வருகிறது. புலவருள் பெரியவர் யார், பாடகருள் பெரியவர் யார் என்று நம் முன்னோர் இரவெல்லாம் வழக்காடினர். இக்காலத்தில் அவ்வழக்கு விளையாட்டுத் திடலுக்கு இடம் மாறியிருக்கிறது. பெங்களூரில் வாழும் தமிழராகிய நமக்கு அது பெரும்பாலும் ஒரே வடிவில் வந்து சேரும்: இன்று வாழ்கின்ற இந்தியச் சுழற்பந்து வீச்சாளருள் வல்லவர் கும்ப்ளேயா, அஸ்வினா? எங்கள் ரயில்வே அலுவலகத்தில் மதிய உணவு வேளையில் இவ்வினா எழுந்தால், பொட்டலங்கள் ஆறிப்போகும். வழக்கு மட்டும் ஆறாது. கன்னடர், தெலுங்கர், மலையாளி, தமிழர் எல்லோருமே அங்கே நீதிபதிகள்.

இவ்வினாவில் உள்ள “வாழ்கின்ற” என்ற சொல்லைச் சற்றே நோக்குக. அமெரிக்க நாட்டில் கிரிக்கெட்டுக்கு நிகராகப் போற்றப்படும் ஆட்டம் பேஸ்பால். 1969ஆம் ஆண்டில் தொழில்முறை பேஸ்பாலின் நூற்றாண்டு விழாவையொட்டி எடுத்த வாக்கெடுப்பில், ஜோ டிமாஜியோ என்பவரை வாழும் ஆட்டக்காரருள் தலைசிறந்தவர் என்று தேர்ந்தனர். அதன்பின் மேடைகளில் அப்பட்டத்தோடுதான் தம்மை அறிமுகம் செய்ய வேண்டுமென அவர் விரும்பினார். 1999இல் அவர் மறைந்ததும் பலர் வில்லி மேஸ் என்ற கறுப்பின வீரரை அவ்விடத்தில் வைத்துப் பேசினர். அவரும் 2024 ஜூன் மாதத்தில் மறைந்தார். ஒருவர் கண்மூடியவுடன் மற்றொருவர், ஒரு பந்தும் ஆடாமலே, முதல்வராகிவிடுகிறார். ஆஸ்திரேலியாவின் ஷேன் வார்ன் 2022 மார்ச் 4ஆம் நாள் தமது 52ஆம் வயதில் மறைந்தபோதும் இதுவே நிகழ்ந்தது. ஆகவே “வாழ்கின்ற” என்ற சொல் திறமையை அளக்கும் கோலாக இருக்க இயலாது. அதனால் விளையும் பயன் ஒன்றே: நாம் கூறும் புகழைக் கேட்கும் செவி அவர்களுக்கு இன்னும் இருக்கிறது. மறைந்தபின் மாலை சூட்டுவதிலும், கேட்கும்போது ஒரு நல்ல சொல் சொல்வது மேல் அன்றோ?

நம் ஊரில் இவ்வழக்கு நேற்றுப் பிறந்ததன்று. வடார்க்காட்டிலிருந்து பிழைப்புத் தேடி இங்கு வந்த என் தந்தையார் தலைமுறையினர் பிரசன்னாவா, வெங்கட்ராகவனா என்று வாதிட்டனர். இருவரும் வலக்கையால் ஆஃப் சுழல் வீசியவர்கள். இருவரும் பொறியியல் கற்றவர்கள். ஒருவர் பெங்களூர்க்காரர், மற்றவர் சென்னைக்காரர். இந்திய அணியில் பெரும்பாலும் ஓரிடம், அதற்கு உரியவர் இருவர். 1971இல் இங்கிலாந்து மண்ணில் இந்தியா முதன்முதல் வென்ற ஓவல் ஆட்டத்தில் வெங்கட்ராகவன் ஆடினார், பிரசன்னாவுக்கு இடம் கிட்டவில்லை. கணக்கோ பிரசன்னாவுக்கு 49 டெஸ்ட்களில் 189 விக்கெட்டுகள், வெங்கட்ராகவனுக்கு 57 டெஸ்ட்களில் 156 என்று நிற்கிறது. இவர்களோடு பேடியும் சந்திரசேகரும் சேர்ந்து நால்வரும் ஒன்றாக ஆடிய டெஸ்ட், 1967இல் பர்மிங்காமில் நடந்த ஒன்றே ஒன்று. அந்நாளில் சென்னைப் பக்கம் நின்று வாதிட்ட தமிழரை, “உண்பது எங்கள் ஊர்ச் சோறு, பாடுவது உங்கள் ஊர்ப் பாட்டோ?” என்று உடன் பணியாற்றுவோர் கேலி செய்வார்களாம். கேலியாகவே அது முடிந்துவிடும் என்பார் தந்தையார்.

இனி நம் காலத்து வழக்கிற்கு வருவோம். கணக்கேட்டை முதலில் திறப்போம். அனில் கும்ப்ளே 1990 முதல் 2008 வரை 132 டெஸ்ட்களில் 619 விக்கெட்டுகள் வீழ்த்தினார். ரவிச்சந்திரன் அஸ்வின் 2011 முதல் 2024 வரை 106 டெஸ்ட்களில் 537 வீழ்த்தினார். ஒரு விக்கெட்டுக்குக் கும்ப்ளே கொடுத்த ஓட்டம் சராசரி 29.65, அஸ்வின் கொடுத்தது 24. ஓர் இன்னிங்ஸில் ஐந்து விக்கெட்டுகளைக் கும்ப்ளே 35 முறை எடுத்தார், அஸ்வின் 37 முறை. மட்டை பிடித்து அஸ்வின் ஆறு சதங்கள் அடித்தார். கும்ப்ளே அடித்தது ஒன்று. தொகையிலே கும்ப்ளே உயர்ந்தவர், சிக்கனத்திலே அஸ்வின் உயர்ந்தவர். ஏட்டை மட்டும் நம்பினால் தராசு அஸ்வின் பக்கமே சற்றுத் தாழும்.

ஆயினும் என் தீர்ப்பு கும்ப்ளேயின் பக்கம். காரணம் கூறுகிறேன். டெஸ்ட் ஆட்டங்களில் அவர் வீசிய பந்துகள் 40,850. உலகில் முரளிதரன் ஒருவரே அவரினும் மிகுதியாக வீசியவர். “இவருக்குப் பந்தைத் திருப்பவே தெரியாது” என்ற ஏளனத்தைச் சுமந்துகொண்டே பதினெட்டு ஆண்டுகள் இச்சுமையை அவர் இழுத்தார். 1999 பிப்ரவரி 7ஆம் நாள் தில்லியில் பாகிஸ்தானின் பத்து விக்கெட்டுகளையும் 74 ஓட்டங்களுக்குத் தாமே சாய்த்தார். அன்று மறுமுனையில் பந்து வீசிய மைசூர் ஸ்ரீநாத், பத்தாவது விக்கெட்டு தமக்கு விழுந்துவிடக் கூடாதே என்று பந்தை அகல அகல வீசினார். 2002 மே மாதம் ஆன்டிகுவாவில் மட்டை பிடிக்கையில் பந்து பட்டுத் தாடை எலும்பு முறிந்தது. கட்டுப் போட்ட முகத்தோடு மீண்டும் களமிறங்கி 14 ஓவர்கள் வீசி, லாராவை வீழ்த்தினார். மாதம் முப்பது நாளும் ஒரே இருக்கையில் அமர்ந்து கடமையாற்றும் என்போன்றோருக்கு, இந்த உழைப்பின் அருமை எளிதில் விளங்கும்.

இதை நான் நம் சங்கத்தில் ஒருநாள் சொன்னபோது, மூத்த அன்பர் ஒருவர் முகம் சுளித்து, “தம்பி, நீர் தமிழர்தாமா?” என்று கேட்டார். “தமிழன்தான் ஐயா. நடுவு நிலைமையும் தமிழன் சொன்ன அறந்தானே?” என்றேன். அவர் சிரித்துவிட்டார், ஆனால் அவர் கேள்வியில் இருந்த வலியை நான் அறிவேன். பிறந்த ஊரைவிட்டு வந்தவனுக்கு அவ்வூரின் பெயரைச் சொல்லிக்கொள்ள மிஞ்சியிருப்பவை சிலவே. அவற்றுள் ஒன்றையும் நம் பிள்ளைகள் விட்டுவிடுவார்களோ என்ற அச்சம் அது.

அவ்வலிக்கு வேறு காரணங்களும் உண்டு. 2016 செப்டம்பர் 12ஆம் நாளை நம்மில் எவரும் மறந்திருக்க மாட்டோம். காவிரி நீர்ச் சிக்கல் முற்றி, தமிழ்நாட்டு எண் தாங்கிய பேருந்துகள் தீக்கிரையாகி, நகரின் பல பகுதிகளில் ஊரடங்கு வந்த நாள் அது. அன்று மாலை எங்கள் எதிர்வீட்டுக் கன்னடப் பெரியவர் செய்தித்தாளோடு வந்து எங்கள் வாயிற்படியில் அமர்ந்தார். காரணம் ஒன்றும் சொல்லவில்லை. இரவு பத்து மணிவரை நாற்காலியைவிட்டு எழவுமில்லை. பதின்மூன்று நாள் கழித்து, செப்டம்பர் 25ஆம் நாள், கான்பூரில் நியூசிலாந்துக்கு எதிராக அஸ்வின் தமது 37ஆம் டெஸ்டில் 200ஆவது விக்கெட்டை வீழ்த்தினார். அச்செய்தியை எனக்குச் சொல்ல ஓடிவந்தவர் அதே பெரியவர். “நம்ம அஸ்வின் இருநூறு எடுத்துவிட்டான்” என்றார். அப்போது இந்திய அணியின் பயிற்சியாளர் யார் தெரியுமா? கும்ப்ளேதான். தெருவிலே இரு மாநிலங்கள் முட்டிக்கொண்ட அதே மாதத்தில், பெங்களூர்க்காரர் பயிற்சியில் சென்னைக்காரர் வென்றுகொண்டிருந்தார்.

குடிபெயர்ந்தோர்க்கு இத்தகைய இரட்டை வாழ்வு எங்கும் உண்டு. முன்னே சொன்ன டிமாஜியோவின் தந்தையார் இத்தாலியிலிருந்து கலிபோர்னியாவுக்கு வந்த மீனவர். 1941இல் மகன் தொடர்ந்து 56 ஆட்டங்களில் தவறாது பந்தை அடித்து நாடெங்கும் போற்றப்பட்டார். அடுத்த ஆண்டே, போர்க்காலச் சட்டத்தால், அத்தந்தையார் பகைநாட்டார் பட்டியலில் வைக்கப்பட்டு, பல்லாண்டு மீன்பிடித்த கடற்கரைக்குச் செல்லவும் தடுக்கப்பட்டார். மகனுக்குக் கைதட்டிய நாடே தந்தையை ஐயுற்றது. கும்ப்ளே என்ற பெயரும், கேரளத்தின் காசர்கோட்டுப் பகுதியிலுள்ள ஓர் ஊரின் பெயரே. அவர் குடும்பமும் எங்கிருந்தோ வந்ததுதான். வந்தவர் பெயரைத்தான் இன்று எம்.ஜி. சாலையிலுள்ள நாற்சந்தி ஒன்று தாங்கி நிற்கிறது.

“தமிழர் ஒருவரைச் சொல்லியே தீரவேண்டும்” என்பார்க்கும் விடை உண்டு. இந்திய எல்லையைக் கடந்து உலகளவில் கேட்டால், வாழும் சுழற்பந்து வீச்சாளருள் முதல்வர் முத்தையா முரளிதரனே. தேயிலைத் தோட்டங்களுக்கு உழைக்கச் சென்ற தமிழர் மரபில் கண்டியில் பிறந்தவர் அவர். 1995இல் மெல்போர்னில் அவர் பந்தை எறிகிறார் என்று நடுவர் குற்றம் சாட்டினார். பிறவியிலேயே நிமிராத முழங்கையோடு 133 டெஸ்ட்களில் 800 விக்கெட்டுகள் எடுத்து, 2010 ஜூலை 22இல் காலியில் விடைபெற்றார். அவருடைய அரசியற் கருத்துகள் தமிழரிற் பலருக்கு உடன்பாடானவை அல்ல. 2020இல் அவரைப் பற்றிய திரைப்படத்திற்கு எழுந்த எதிர்ப்பும் நாம் அறிந்ததே. தமிழர் என்பதால் 800 என்பது 801 ஆகாது. கருத்து வேறுபாட்டால் 799 ஆகவும் ஆகாது.

2019 அக்டோபர் 25ஆம் நாள் சின்னசாமி திடலில் விஜய் ஹசாரே கோப்பைக்காகக் கர்நாடகமும் தமிழ்நாடும் மோதின. ஆட்டம் தொடங்குமுன் என் மகன், “அப்பா, நாம் எந்தக் கட்சி?” என்று கேட்டான். வீட்டில் தமிழும் தெருவில் கன்னடமும் பேசி வளரும் பிள்ளை அவன். “இரண்டிலும் நல்லவனுக்குக் கைதட்டு” என்றேன். கர்நாடகம் வென்றது, அவன் கைகள் சிவக்கத் தட்டினான். தமிழ்நாட்டார் நன்றாக ஆடிய போதும் அவ்வாறே தட்டியிருந்தான். நம் பிள்ளைகளுக்கு ஊர் இரண்டு. ஒன்றை நேசிக்க மற்றொன்றை வெறுக்க வேண்டும் என்ற கட்டாயத்தை நாம் அவர்கள் தலையில் ஏற்றலாகாது.

ஆகவே சங்க அன்பர்களுக்கு ஒரு வேண்டுகோள். வரும் பொங்கல் விழாப் பட்டிமன்றத்திற்கு இத்தலைப்பையே வைப்போம். இங்கே பிறந்த இளைஞர்கள் அஸ்வினுக்காகப் பேசட்டும். ஊரிலிருந்து வந்த பெரியோர் கும்ப்ளேக்காகப் பேசட்டும். எதிர்த் தரப்பின் பெருமையை நம் வாயால் எடுத்துரைக்கும்போதுதான் அது எவ்வளவு பெரிது என்பது நமக்கே விளங்கும். ஒரு காலத்தில் நம் கட்சியின் வீரராயிருந்த வெங்கட்ராகவன், பின்னர் வெள்ளை அங்கி அணிந்து 73 டெஸ்ட்களில் நடுவராக நின்றார். அவருக்காக வாதிட்டு வளர்ந்த வீட்டார் நாம். நடுவராக நிற்கவும் நாம் கற்றுக்கொள்ளலாம்.