வாடகைப் படகும் தவக்குலும்



கோடை விடுமுறையில் சேலம் வட்டாரக் குடும்பங்கள் பலவற்றுக்கு எட்டும் தூரத்தில் உள்ள குளிர்ச்சி ஏற்காடுதான். இருபது கொண்டை ஊசி வளைவுகளைக் கடந்து மேலேறினால், ஊரின் நடுவே ஏரி விரிந்து கிடக்கும். ஏரியும் காடும் சேர்ந்தே ஊருக்குப் பெயர் தந்தன என்பர். அங்குள்ள படகுத்துறையில் மிதிபடகு, துடுப்புப் படகு, மோட்டார் படகு ஆகியவற்றைக் குறித்த நேரத்திற்கு வாடகைக்கு எடுக்கலாம்.

நோன்புப் பெருநாளுக்கு மறுவாரம் நாங்கள் சென்றபோது கூட்டம் மிகுதி. நால்வர் அமரும் மிதிபடகில், சிறுவன்தானே என்று ஐந்தாவதாக ஒரு பிள்ளையையும் ஏற்ற உறவினர் ஒருவர் முயன்றார். படகுத்துறை ஊழியர் மறுத்தார். பேச்சு வளர்ந்தபோது எங்கள் நன்னி குறுக்கிட்டார்: "இன்னொரு படகுக்குக் காசைக் கொடுங்க. காசு திரும்பி வரும், புள்ளைங்க திரும்பி வராது." அதன்பின் எவரும் வாய் திறக்கவில்லை. இரண்டாவது படகுக்கும் சீட்டு வாங்கினோம்.

நன்னியின் மனத்தில் இருந்தது தானூர். கேரளத்தின் மலப்புறம் மாவட்டத்தில், 2023 மே 7 அன்று மாலை, உல்லாசப் படகு ஒன்று கவிழ்ந்து 22 பேர் வஃபாத்தானார்கள். அவர்களுள் பலர் குழந்தைகள். ஒரே குடும்பத்தைச் சேர்ந்தவர்கள் மட்டும் பதினொருவர். அளவுக்கு மீறி ஆட்கள் ஏற்றப்பட்ட படகு அது. அதற்கு முன், 2009 செப்டம்பர் 30 அன்று தேக்கடி ஏரியில் படகு கவிழ்ந்து 45 உயிர்கள் போயின. அவர்களும் நம்மைப் போல் பிள்ளைகளை மகிழ்விக்க விடுமுறைக்கு வந்தவர்கள்தாம்.

நீரில் மூழ்கி இறப்பவருக்கு ஷஹீதின் அந்தஸ்து உண்டு என்னும் நபிமொழி, அன்புக்குரியவர்களை இழந்தோருக்குப் பெரும் ஆறுதல். அந்த ஆறுதலை நம் அலட்சியத்துக்குச் சாக்காக்குதல் தகாது. ஒட்டகத்தைக் கட்டிவிட்டு, அதன்பின் அல்லாஹ்வின் மீது தவக்குல் வைக்குமாறு நபி (ஸல்) அவர்கள் வழிகாட்டினார்கள். படகில் ஏறுவோருக்கு லைஃப் ஜாக்கெட்டின் வாரை இறுக்கிக் கட்டுவதே ஒட்டகத்தைக் கட்டுவதாகும். நூஹ் (அலை) அவர்களும் அல்லாஹ்வின் பெயரால் கப்பலேறுவதற்கு முன், அவன் கட்டளைப்படி அதைப் பலகை பலகையாகக் கட்டி முடித்தார்கள் அல்லவா?

நம் பெண்கள் கவனிக்க வேண்டியவை சில உண்டு. லைஃப் ஜாக்கெட்டை புர்காவின் மேல்தான் அணிய வேண்டும். உள்ளே அணிந்தால் வாரைச் சரிபார்க்க இயலாது. மிதிபடகில் நீண்ட அங்கியின் ஓரம் மிதியில் சிக்கக்கூடும்; முன்பே ஒதுக்கிக்கொள்ளுதல் நலம். படத்துக்காக ஜாக்கெட்டைக் கழற்றுவதும், நடு ஏரியில் எழுந்து இடம் மாறுவதும் வேண்டாம். கைக்குழந்தைக்கு அளவான ஜாக்கெட் இல்லையெனில், அக்குழந்தையுடன் ஒருவர் கரையிலேயே இருந்துவிடலாம்.

வாடகை என்பது ஓர் ஒப்பந்தம். பேசிய நேரத்திற்குள் திரும்புவதும், பிந்தினால் அதற்குரிய தொகையைக் கேட்காமலே கொடுப்பதும், தின்பண்டக் காகிதத்தை ஏரியில் எறியாதிருப்பதும் அந்த அமானிதத்தில் அடங்கும். துடுப்பு வலிப்பவருக்கு உரிய கூலியை வியர்வை உலருமுன் கொடுத்துவிட வேண்டும்.

மாலையில் சேர்வராயன் கோயில் அமைந்த உச்சிக்குச் சென்றோம். கடல்மட்டத்திலிருந்து ஏறத்தாழ 1,600 மீட்டர் உயரம். மலையாளிப் பழங்குடி மக்கள் சேர்வராயனையும் காவேரியையும் வழிபடும் குகைக்கோயில் அது. அவர்களது வழிபாட்டிடத்துக்குரிய மரியாதையுடன் சற்று விலகி, புல்வெளியில் விரிப்பு விரித்து அஸர் தொழுதோம். காற்று விரிப்பின் ஓரங்களைத் தூக்கியது. செருப்புகளை வைத்து அடக்கினோம். ஸலாம் கொடுத்துத் திரும்பியபோது நன்னி பிள்ளைகளை ஒவ்வொருவராக எண்ணிக்கொண்டிருந்தார். அத்தனை பேரும் இருந்தார்கள். அல்ஹம்துலில்லாஹ்.

விடுமுறைக்குப் புறப்படும் ஒவ்வொரு குடும்பமும் போன எண்ணிக்கை குறையாமல் வீடு திரும்ப அல்லாஹ் அருள்புரிவானாக! ஆமீன்.