கடைக்கு மேலே வீடு

பினாங்கில், ஜார்ஜ்டவுன் மார்க்கெட் தெருவில் எங்கள் தாத்தா வாங்கிய கட்டடம் விற்பனைக்கு வருகிறது. கீழே கடை, மேலே வீடு. வாரிசுகளில் பாதிப்பேர் திருமயத்தில் இருக்கிறார்கள். அவர்கள் சம்மதம் இல்லாமல் அதில் ஒரு செங்கல்லைக்கூட விற்க முடியாது. அதற்காகத்தான் பல வருஷம் கழித்து ஊருக்கு வந்தேன்.

புதுக்கோட்டையில் காரைக்குடி பஸ் ஏறினால் திருமயம் வருமுன்பே பாறைமேல் கோட்டை தெரிந்துவிடும். 1687இல் சேதுபதி மன்னர் கட்டியது. ஊருக்கு வெளியே பெல் ஆலை வந்திருக்கிறது, ரோடு அகலமாகியிருக்கிறது. கோட்டை பைரவர் முன்னால் வண்டிகள் நின்று கும்பிட்டுவிட்டுப் போவது மட்டும் நான் பார்த்தபடியே இருக்கிறது.

மறுநாள் காலையில் சத்தியமூர்த்திப் பெருமாளையும் சத்தியகிரீசுவரரையும் சேவித்தேன். ஒரே பாறையில் குடைந்த இரண்டு கோயில்கள். இரண்டுக்கும் இடையே வெகுகாலம் வருமானப் பங்குத் தகராறு இருந்தது. 1245இல் ஹொய்சளத் தளபதி அப்பண்ண தண்டநாயகர் முன்னின்று தீர்த்துவைத்தார். தீர்ப்பு கல்லில் வெட்டியிருக்கிறது. சின்ன வயசில் அந்தக் கல்வெட்டு எனக்கு வெறும் கோடுகள். இப்போது நானே பங்காளிகளை உட்காரவைத்துப் பேச வந்திருப்பதால், ஏறத்தாழ எட்டு நூற்றாண்டுக்கு முந்தைய அந்தச் சமரசத்தின்மேல் பெரிய மரியாதை வந்தது.

அன்று சாயங்காலம் அயித்தை வீட்டு முற்றத்தில் கூடினோம். கட்டடத்தைக் கேட்பவர்கள் இரண்டு பேர்: அதில் வாடகைக்கு இருக்கும் குடும்பம், ஓட்டல் கட்ட நினைக்கும் ஒருவர். சித்தப்பா மகன் நேராகவே கேட்டான். “அண்ணே, ஓட்டல் கட்டுறவன் கூடத் தர்றான்ல? மகள் காலேஜ் போகணும். யாருக்கு வித்தா நமக்கென்ன?”

அவன் கேட்டதில் தப்பில்லை. அந்தக் கட்டடத்தை அவன் பார்த்ததே கிடையாது. ஆகவே முதலில் அதைச் சொல்லவேண்டியிருந்தது.

தெருப்பக்கம் குறுகலாகவும் உள்ளே நீளமாகவும் போகும் கட்டடம். நடுவில் வானம் பார்த்த முற்றம், காற்றும் வெளிச்சமும் அதன் வழியாகத்தான். முகப்பில் மாடியைத் தாங்கும் தூண்கள், அவற்றின் நிழலில் அஞ்சடி என்கிற நடைபாதை. வெயிலிலும் மழையிலும் தெருமுழுக்க அதன் வழியாகவே நடந்துவிடலாம். நாகப்பட்டினத்தில் ராஜூலா கப்பல் ஏறிப்போன தாத்தா, முதலில் அந்த அஞ்சடியில்தான் படுத்து எழுந்தார். பிறகு கீழே மசாலாக் கடை போட்டு, மேலே குடும்பம் வைத்தார். நான் போகும்போதெல்லாம் மிளகாய் நெடி மாடி வரைக்கும் ஏறும். காற்று திரும்பினால் துறைமுகத்து உப்பு வாசனை வரும். ராத்திரி கடை அடைத்த பிறகும் மாடி ஜன்னல்களில் விளக்கு எரிவதால் தெரு பயமில்லாமல் இருந்தது.

1948 ஜனவரி 31க்கு முன்பு கட்டிய கட்டடங்களுக்கு அங்கே வாடகைக் கட்டுப்பாடு இருந்தது. 1997இல் அந்தச் சட்டத்தை ரத்து செய்து, 2000 தொடக்கத்தில் கட்டுப்பாட்டை முழுதாக எடுத்தார்கள். வாடகை ஏறியது, தலைமுறை தலைமுறையாக இருந்த குடும்பங்கள் வெளியேறின. காலியான மாடிகள் சிலவற்றில் விலைபோகும் கூட்டுக்காக உழவாரக் குருவி வளர்த்தார்கள், மனிதர் படுத்த அறைகளில்! 2008இல் யுனெஸ்கோ ஜார்ஜ்டவுனை உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்த்தது. சுவர்கள் பிழைத்தன, அதற்கு நன்றி சொல்லத்தான் வேண்டும். ஆனால் ஓட்டலும் காப்பிக்கடையும் பெருகப் பெருக, குடியிருப்பவர்கள் குறைந்துபோனார்கள். பாதுகாப்பு என்பது சுண்ணாம்புப் பூச்சோடு நின்றுவிடக்கூடாது என்பது என் உறுதியான எண்ணம்.

இதை ஊரில் விளக்கத் தூரம் போகவேண்டியதில்லை. பக்கத்தில்தான் கடியாபட்டி, ராயவரம். பர்மா தேக்குத் தூண்களோடு தெருவை அடைத்து நிற்கும் வீடுகள், பலவற்றில் பூட்டு. அவற்றைக் கட்டியவர்களுக்குத் தொழில் கடலுக்கு அப்பால் பர்மாவில், வீடு இங்கே. 1942இல் ஜப்பான்காரன் பர்மாவுக்குள் வந்தான். விடுதலைக்குப் பிறகு அந்த நாட்டு அரசு அவர்களுடைய நிலங்களை எடுத்துக்கொண்டது. வருமானம் நின்ற வீடுகள் சில பிரிக்கப்பட்டு, தூணும் கதவுமாகக் காரைக்குடிப் பழஞ்சாமான் கடைகளுக்குப் போய்ச் சேர்ந்தன. திருமயம் கடைத்தெருவிலோ இன்னும் கடைக்குப் பின்னால் உலை கொதிக்கிறது, மாடியில் துணி காய்கிறது. பிழைப்பும் குடியிருப்பும் ஒரே கூரையில் இருப்பதால் அந்தத் தெரு ஓடுகிறது.

எங்கள் மார்க்கெட் தெருக் கட்டடத்தில் இன்று ஒரு மசாலா வியாபாரக் குடும்பம் வாடகைக்கு இருக்கிறது. கீழே அரைத்து விற்கிறார்கள், மேலே பிள்ளைகள் படிக்கிறார்கள். வாங்கிக்கொள்ள அவர்களுக்கு ஆசை. பாங்குக் கடனுக்கு அவகாசம் வேண்டும், ஓட்டல்காரர் சொல்லும் விலைக்கும் அவர்களால் வர முடியாது.

அயித்தை அதுவரை பேசவில்லை. “இந்த வீட்டுக்கு ஓடு போட்டது அங்கேயிருந்து வந்த காசுப்பு. அந்தப் பிள்ளைகளைக் கிளப்பிவிட்டு வர்ற காசு எனக்கு வேணாம்” என்றார். சித்தப்பா மகன் முகம் சுருங்கியது. அயித்தைக்குச் செலவு இல்லை, அவனுக்கு இருக்கிறது.

ராத்திரி வெகுநேரம் கணக்குப் போட்டோம். முடிவில் இப்படி எழுதிக்கொண்டோம்: வாடகைக் குடும்பத்துக்கு அடுத்த பொங்கல் வரை முதல் உரிமை. அவர்கள் விலைக்கும் ஓட்டல் விலைக்கும் உள்ள வித்தியாசத்தில் சித்தப்பா மகன் பங்குக்கு விழும் குறையை என் பங்கிலிருந்து நிரப்புவது. பொங்கலுக்குள் கடன் கிடைக்காவிட்டால், மாடியில் குடியிருப்பேன் என்று எழுதித் தருகிறவரை முதலில் தேடுவது, அப்படி ஒருவரும் வராவிட்டால் மட்டும் ஓட்டல்காரர். அவன் இரண்டு முறை படித்துப் பார்த்துவிட்டு ஒரு திருத்தம் கேட்டான். மகள் காலேஜ் பணம் விற்பனைக்குக் காத்திருக்காமல் ஆடிக்குள் வரவேண்டும் என்றான். ஒத்துக்கொண்டேன். நோட்டரி முன் கையெழுத்துக்கு வியாழக்கிழமை போகிறோம்.