உயிர் காத்த உப்புநீர்

நோய்கள் பலவற்றுள்ளும் வாந்திபேதி எனப்படும் காலரா மிக விரைந்து கொல்லும் இயல்பினது. காலையில் நலமாக இருந்தவரை மாலைக்குள் மாய்த்துவிடும் கொடுமை அதற்கு உண்டு. அந்நோயின் கிருமி குடலை அடைந்ததும் உடலிலுள்ள நீரும் உப்பும் ஓயாது வெளியேறுகின்றன. கண்கள் குழிவிழுகின்றன, நா வறள்கிறது, நாடி தளர்கிறது. குழந்தைகளின் சிற்றுடல் இவ்விழப்பை நெடுநேரம் தாங்காது. இழந்த நீரை மீட்டுத் தந்தால் உயிரும் மீளும். ஆயினும், உப்புநீரை ஊசியின் வழியே இரத்தக் குழாயில் செலுத்துவதையே மருத்துவர்கள் நெடுங்காலம் பெரிதும் நம்பியிருந்தனர். அதற்குத் தூய மருந்துநீர் வேண்டும், கருவிகள் வேண்டும், பயின்ற கைகளும் வேண்டும். இவை கிட்டாத இடத்தில் ஏழைக் குழந்தையின் நிலை என்னாவது? இவ்வினாவிற்கு உரிய விடையைத் தாய்மாரின் கைகளிலேயே ஒப்படைத்த பெருந்தகை, குழந்தை மருத்துவர் திலீப் மகலனாபிஸ் ஆவார்.

அவர் 1934-ஆம் ஆண்டு நவம்பர்த் திங்கள் 12-ஆம் நாள், அந்நாளில் பிரிவுபடாதிருந்த வங்காளத்தின் கிசோர்கஞ்சில் பிறந்தார். கல்கத்தா மருத்துவக் கல்லூரியில் பயின்று 1958-ஆம் ஆண்டில் பட்டம் பெற்றார். குழந்தை மருத்துவத்தில் அவர் உள்ளம் ஈடுபட்டது. இங்கிலாந்து சென்று மேற்பயிற்சி பெற்று, இலண்டன் மாநகரின் குழந்தைகள் மருத்துவமனையில் பணியாற்றினார். அங்கேயே தங்கியிருப்பின் செல்வமும் சிறப்பும் அவரைத் தேடி வந்திருக்கும். அவரோ தாயகம் திரும்பினார். கல்கத்தாவில் இயங்கிய ஜான்ஸ் ஹாப்கின்ஸ் பல்கலைக்கழக ஆய்வு மையத்தில் சேர்ந்து, வயிற்றுப்போக்கு நோய்களை ஆராயத் தொடங்கினார்.

அக்காலத்து அறிஞர்கள் ஓர் அரிய உண்மையைக் கண்டிருந்தனர். உப்பை மட்டும் நீரில் கலந்து பருகத் தந்தால் நோயுற்ற குடல் அதனை ஏற்பதில்லை. உப்போடு குளுக்கோசு என்னும் சர்க்கரையையும் உரிய அளவில் சேர்த்தால், சர்க்கரை குடற்சுவரினுள் புகும்போது உப்பையும் உடன் அழைத்துச் செல்கிறது. உப்பைத் தொடர்ந்து நீரும் செல்கிறது. இம்முறை காலரா நோயாளிகளுக்குப் பயன்படும் என்பதை 1968-ஆம் ஆண்டில் டாக்காவில் ஆய்வாளர்கள் காட்டியிருந்தனர். எனினும், மருத்துவமனையில், தேர்ந்தவர் கண்காணிப்பில் மட்டுமே இதனைக் கையாளலாம் என்பதே பலரின் எண்ணமாக இருந்தது. கலவையின் அளவு பிறழ்ந்தால் தீங்கு நேரும் அன்றோ?

1971-ஆம் ஆண்டில் கிழக்கு வங்காளத்தில் போர் மூண்டது. ஏறத்தாழ ஒரு கோடி மக்கள் வீடும் நிலமும் துறந்து இந்திய எல்லைக்குள் புகுந்தனர். எல்லையோர ஊராகிய பங்கானைச் சூழ்ந்து அகதி முகாம்கள் எழுந்தன. மழையும் நெருக்கமும் மாசுற்ற நீரும் கூடிய இடத்தில் காலரா பரவியது. அங்குச் சென்ற மகலனாபிஸ் கண்ட காட்சி கல்லையும் கரைப்பதாகும். மருத்துவமனையில் நோயாளிகளுக்கென இருந்தவை இரண்டே அறைகள், கட்டில்களோ பதினாறு. எஞ்சியோர் தரையில் கிடந்தனர். அவர்கள்தம் கழிவின்மீதே மண்டியிட்டு ஊசி செலுத்த வேண்டியிருந்தது. அவருடன் வந்த குழுவினருள் அப்பயிற்சி பெற்றவர் இருவரே. கையிருப்பில் இருந்த மருந்துநீரும் தீர்ந்துகொண்டிருந்தது. இந்நிலை நீடிப்பின் தோல்வி உறுதி என்பதை வந்த இரண்டு நாட்களுக்குள்ளேயே அவர் உணர்ந்தார்.

அப்பொழுது அவருக்கு வயது முப்பத்தாறு. முன்னோர் வகுத்த நெறியைக் கடந்து, ஆய்வுக்கூட முறையை முகாமின் சேற்றில் இறக்குவதா? கேடு விளைந்தால் பழி முழுதும் அவரையே சாரும். வாளாவிருந்தால் பழி வாராது. ஆனால் குழந்தைகள் மடிவர். அவர் துணிந்தார். ஒரு லிட்டர் நீருக்குக் குளுக்கோசு 22 கிராம், உப்பு 3.5 கிராம், சமையற்சோடா 2.5 கிராம் என அளவு வகுத்தார். கல்கத்தா மையத்தின் நூலக அறையிலேயே இவற்றை நிறுத்துப் பொட்டலங்களாகக் கட்டினர். முகாமில் அப்பொட்டலங்களைப் பெரிய கலன்களில் நீர் நிரப்பிக் கரைத்தனர். தாயரும் தந்தையரும் உடன்பிறந்தாரும் அந்நீரைக் குவளைகளில் முகந்து, நோயுற்றோர் வாயில் சிறிது சிறிதாகப் புகட்டினர். ஊசிவழிச் செல்லும் நீரே மருந்தென்று நம்பிய மக்கள் இதனை ஐயுறாதிருக்கும் பொருட்டு, ‘வாய்வழிச் சலைன்’ என்றே அதற்குப் பெயரிட்டனர். மருந்துநீர் ஊசி, மிகத் தளர்ந்தவர்க்கு மட்டுமே எனக் காக்கப்பட்டது.

எட்டு வாரங்களில் 3,700-க்கு மேற்பட்டோர் அங்குச் சிகிச்சை பெற்றனர். நூற்றுக்கு முப்பது வரை இருந்த இறப்பு, நூற்றுக்கு 3.6 ஆகக் குறைந்தது. மருத்துவப் பட்டம் பெறாத எளிய மக்களின் கைகள் நிகழ்த்திய அருஞ்செயல் இது.

ஆயினும், உலகம் இதனை உடனே நம்பிவிடவில்லை. இத்துணை எளிய கலவை இத்துணைப் பெரிய பயன் தருமோ என ஐயுற்றவர் பலர். மகலனாபிஸ் தம் பட்டறிவை 1973-ஆம் ஆண்டில் கட்டுரையாக வெளியிட்டார். முகாமை நேரில் கண்ட உலகச் சுகாதார நிறுவன அறிஞர் திமான் பருவா இம்முறைக்கு அரணாக நின்றார். பின்னர் அந்நிறுவனமும் குழந்தைகளுக்கான ஐக்கிய நாட்டு நிதியமும் இதனை ஏற்று, நாடுகள்தோறும் பரப்பின. ‘ஓ.ஆர்.எஸ்.’ என்ற பெயருடன் இன்று சிற்றூர்களிலும் கிடைக்கும் பொட்டலம் இம்முயற்சியின் வழிவந்ததே. கலவையின் அளவு பின்னாளில் திருத்தப்பெற்றது, அடிப்படை மாறவில்லை. இதனால் காக்கப்பெற்ற உயிர்கள் ஐந்து கோடிக்கும் மேற்படும் என மதிப்பிடுவர்.

புகழ் அவரைத் தாமதமாகவே நாடியது. 2002-ஆம் ஆண்டில் பொலின் பரிசும், 2006-இல் தாய்லாந்து நாட்டின் இளவரசர் மகிடல் விருதும் அவரை வந்தடைந்தன. 2017-ஆம் ஆண்டில், தாம் இளமையில் பணி தொடங்கிய கல்கத்தாக் குழந்தை நல நிலையத்திற்கு ஒரு கோடி ரூபாயை வழங்கினார். 2022-ஆம் ஆண்டு அக்டோபர்த் திங்கள் 16-ஆம் நாள் இயற்கை எய்தினார். அடுத்த ஆண்டில் இந்திய அரசு அவருக்குப் பத்ம விபூசண் விருதளித்தது. அதனைக் காண அவர் இல்லை.

உப்பும் சர்க்கரையும் கூடிச்செல்லும் உண்மையைக் கண்டவர் வேறு அறிஞர்கள். அவ்வுண்மையை ஏழையின் குவளைவரை கொண்டு சேர்த்ததே மகலனாபிஸ் ஆற்றிய தொண்டு. எழுத்தறியாத தாயும் தன் மகவைக் காக்க வல்லவள் என்று அவர் நம்பினார். அந்நம்பிக்கை பொய்க்கவில்லை. கற்றோர் தம் கல்வியைத் தம்மிடமே பூட்டி வையாது, கல்லாதவர் கைக்கும் எட்டுமாறு எளிமையாக்கித் தருதல் வேண்டும். அவ்வாறு தரப்பட்ட கல்வியே உயிர் காக்கும் மருந்தாகும்.