பின்னச்சு கற்பித்த பாடம்

நமது கல்லூரியின் விழா மலருக்குக் கட்டுரை ஒன்று தரவேண்டுமென மலர்க் குழுவினர் பணித்தபொழுது, எதைப் பற்றி எழுதுவதென்று சிறிது தயங்கினேன். கல்லூரியின் வரலாற்றையும் ஆசிரியப் பெருந்தகைகளின் அருமையையும் எழுத என்னிலும் தகுதியுடையோர் பலர் உளர். நானோ இலண்டனிற் கணக்காளனாக ஊழியஞ் செய்து ஓய்வு பெற்றவன், பொறியியல் கற்றவனல்லன். எனினும் கல்லூரி விஞ்ஞானகூடத்திற் பெற்ற சிற்றறிவு, அறுபது வயதைத் தாண்டியபின் ஒரு பழைய மோட்டார் வண்டியின் கீழே மல்லாந்து கிடந்த நாட்களில் எனக்குக் கைகொடுத்தது. அவ்வனுபவத்தையே ஈண்டு கூற விழைகிறேன்.

எனது வண்டி யப்பானிய மஸ்டா நிறுவனத்தாரின் எம்.எக்ஸ்.5 என்னும் வகையைச் சேர்ந்தது. 1989 இல் உலகுக்கு அறிமுகமான இவ்வகை, இருவர் மாத்திரம் அமரத்தக்கதும் கூரையை மடித்து வைக்கத்தக்கதுமான சிறு வண்டியாகும். முன்னே 1.6 லீற்றர் இயந்திரம். அதன் வலு செல்வதோ பின்சில்லுகளுக்கு. 1991 இற் செய்யப்பட்ட இதனை என் மகன் தனக்குத் தருமாறு கேட்டான். அவன் தாயார் ஒரு நிபந்தனையின்மேல் இசைந்தார். எங்கள் ஒழுங்கை மேட்டில் ஏறிப் பெருவீதியைச் சந்திக்கும் இடத்தில், மழைநாளில் வலப்புறமாகத் திரும்பும்பொழுது, உட்புறப் பின்சில்லு கிறீச்சிட்டு வீணே சுழலும், வண்டியோ நகராது. இருபுறமும் வாகனங்கள் பாய்ந்து வரும் வீதியில் ஒரு கணம் தடைப்பட்டு நிற்பதும் உயிருக்கு ஊறு அன்றோ? அதனைச் சீர்செய்த பின்னரே மகன் கையிற் சாவியைக் கொடுக்கலாம் என்பது அவர் தீர்ப்பு.

இக்குறைக்குக் காரணம் பின்னச்சின் நடுவேயுள்ள டிபரென்சியல் என்னும் பற்சில்லுத் தொகுதி. வண்டி வளைவிற் செல்லும்போது வெளிச்சில்லு உட்சில்லைவிடக் கூடிய தூரம் ஓடவேண்டும். எனது வண்டியிற் பின்சில்லுகளின் இடையகலம் 1.42 மீற்றர். அதனை 22/7 இன் இருமடங்காற் பெருக்கினால் ஏறத்தாழ 9 மீற்றர் வரும். வண்டி ஒரு முழுவட்டம் சுற்றிவரின், வட்டம் பெரிதாயினும் சிறிதாயினும், வெளிச்சில்லு இந்த 9 மீற்றரைக் கூடுதலாக ஓடியே தீரவேண்டும். இரண்டையும் ஒரே தண்டிற் பிணைத்துவிட்டால் ஒன்று தேய்ந்து இழுபடும். இதற்குப் பரிகாரமாக, 1820 களின் இறுதியிலேயே, பிரான்சு நாட்டுக் கடிகார வினைஞரான பெக்கூர் என்பவர் நீராவி வண்டிக்கென இவ்வமைப்பை வகுத்தார்.

ஆயின் இதில் ஒரு நுட்பம் உண்டு. சாதாரண டிபரென்சியல் இரு சில்லுகளுக்கும் எப்பொழுதும் சமமான முறுக்குவிசையையே பகிர்ந்தளிக்கும். ஈரத்தில் நிற்கும் சில்லு 100 பங்கு விசையையே தாங்குமாயின், காய்ந்த தரையில் 400 பங்கு தாங்கவல்ல மற்றச் சில்லுக்கும் 100 பங்கே கிட்டும். வலியவன் மெலியவனின் அளவுக்கே உழைக்க விடப்படுகிறான். எங்கள் ஒழுங்கை முகப்பில் நடந்தது இதுவே.

இதனை மாற்ற வழுக்கலைக் கட்டுப்படுத்தும் டிபரென்சியல்கள் தோன்றின. 1930 களில் ஜேர்மனியின் ஆட்டோ யூனியன் பந்தய வண்டிகள் அவற்றைக் கையாண்டன. 1956 இல் அமெரிக்கப் பக்காட் நிறுவனம் பொதுமக்கள் வாங்கும் வண்டிகளில் வைத்து விற்றது. உராயும் தட்டுகளால் இயங்குபவை ஒருவகை. தடித்த திரவத்தால் இயங்குபவை இன்னொரு வகை. 1958 இல் அமெரிக்கரான வேர்ணன் கிளீஸ்மன் உரிமை பெற்ற ரோர்சன் என்னும் வகையோ முற்றும் பற்சில்லுகளால் ஆயது. அதன் புரிப்பற்கள் ஒன்றோடொன்று அழுந்தி உராய்வதால், பிடிப்புள்ள சில்லுக்கு மற்றதைப்போல் இரண்டு மூன்று மடங்கு விசை செல்லும். மூன்று மடங்கெனக் கொண்டால், முன்சொன்ன கணக்கில் ஒன்றுக்கு 100, மற்றதற்கு 300, ஆக 400 பங்கு. முன்பு 200 பங்கே இருந்தது.

பின்னாளில் வந்த 1.8 லீற்றர் வண்டிகள் சிலவற்றில் மஸ்டா நிறுவனத்தார் இந்த ரோர்சனைப் பொருத்தினர். பழைய வண்டிகளை உடைத்து விற்கும் ஓர் இடத்தில் அத்தகைய ஒன்றைப் பெற்றேன். டிபரென்சியலை மட்டும் வாங்கினாற் போதாது. 1.6 வண்டியில் அதன் பெரிய பற்சில்லின் விட்டம் 6 அங்குலம், 1.8 இல் 7 அங்குலம். ஆகவே சில்லுகளுக்குச் செல்லும் இரு அரைத்தண்டுகளையும், முன்னிருந்து வலுவைக் கொணரும் நீள்தண்டையும் சேர்த்தே வாங்கவேண்டும்.

மகனும் நானும் இரு நாட்கள் உழைத்தோம். நான்கு தாங்கிகளின்மேல் வண்டியை ஏற்றி, புகைக்குழாயைக் கழற்றினோம். இவ்வண்டியிற் கியர்ப் பெட்டியையும் டிபரென்சியலையும் ஒரு நீண்ட அலுமினியச் சட்டம் பிணைத்து நிற்கிறது. அதன் ஆணிகளைத் தளர்த்துமுன் கியர்ப் பெட்டியை ஜக்கினால் தாங்கிக்கொள்ளல் வேண்டும். அன்றேல் அது தொங்கிப்போகும். இங்கிலாந்தின் மாரிகால வீதிகளில் தூவும் உப்பினால் ஆணிகள் துருவேறி, ஒவ்வொன்றும் ஒரு போராட்டமாயிற்று. எண்ணெய் வார்க்குமிடத்து, ஊரிற் கராஜ் வைத்திருந்த என் மாமா ஒருவரின் வாக்கு நினைவுக்கு வந்தது: "தம்பி, நிரப்புகிற மூடி கழலுகிறதா என்று பார்த்த பிறகே வடிக்கிற மூடியிற் கைவை." 1990 இன் பின் பொருளாதாரத் தடை நிலவிய காலத்தில், ஒஸ்ரின், மொறிஸ் வண்டிகளை மண்ணெண்ணெயில் ஓடச்செய்த யாழ்ப்பாணத்துக் கைகளின் அறிவு அது. அதன்படியே செய்து, ஏறத்தாழ ஒரு லீற்றர் எண்ணெய் வார்த்தோம்.

வேறொன்றையும் கவனித்தோம். பழைய டிபரென்சியலின் பல்விகிதம் 4.3, புதியதன் விகிதம் 4.1. வேகமானி கியர்ப் பெட்டியிலிருந்து இயங்குவதால், முன்பு சரியாகக் காட்டிய மானி இனி 60 மைல் காட்டும்பொழுது வண்டி 63 மைல் வேகத்தில் ஓடும். எனவே மானியை இயக்கும் சிறு பற்சில்லையும் மாற்றினோம். செய்த மாற்றம் அனைத்தையும் காப்புறுதிக் கழகத்தாருக்கும் எழுத்தில் அறிவித்தோம்.

அடுத்த மழையில் வண்டி ஒழுங்கை முகப்பில் ஓசையின்றி ஏறித் திரும்பிற்று. ஆயினும் சாவியைக் கொடுக்குமுன் மகனுக்கு இரண்டு செய்திகளைக் கூறினேன். முன்பு உட்சில்லு மட்டுமே வழுக்கும். வெளிச்சில்லு வண்டியின் வாற்பகுதியைப் பிடித்து நிற்கும். இப்பொழுது ஈர வளைவில் விசையை மிகுத்தால் இரண்டும் ஒருங்கே வழுக்கி வண்டி சுழலக்கூடும். கூடிய வலு கிட்டியவனுக்குக் கூடிய அடக்கம் வேண்டும் என்பது முதலாவது.

"ஒரு சில்லு முற்றாகத் தரையைவிட்டு எழுந்தால் என்ன ஆகும், அப்பா?" என்று அவன் வினவியது இரண்டாவதற்கு வழியாயிற்று. அப்பொழுது ரோர்சனும் ஏறக்குறையக் கைவிட்டுவிடும். அது பெருக்கும் கருவியேயன்றிப் படைக்கும் கருவியன்று. பூச்சியத்தை மூன்றாற் பெருக்கினும் பூச்சியமே. ஆயின் அந்நிலையிற் கைத்தடையைச் சிறிது இழுத்துப் பிடித்தால், வீணே சுழலும் சில்லுக்கு எதிர்த்துநிற்க ஒரு பற்றுக்கோடு கிடைக்கும். உடனே மற்றச் சில்லுக்கும் வலு பாயும். தடையே துணையாகும் விந்தை இது.

மாணவச் செல்வங்காள்! பழைய மாணவர் உதவி, அரசின் உதவி, பெற்றோரின் உதவி யாவும் உங்கள் முயற்சியைப் பெருக்குவனவே. முயற்சி சிறிதேனும் தரையைப் பற்றி நிற்றல் வேண்டும். பற்றில்லாது சுழலும் காலத்தில் ஆசிரியர் இடும் சிறு தடையை வெறுக்காதீர்கள். உதவும் நிலையிலுள்ள நம் பழைய மாணவருக்கும் ஒரு வார்த்தை: சமமாகப் பகிர்ந்தோம் என்பதோடு கடமை தீர்ந்துவிடாது. கால் வழுக்கி நிற்பவனுக்கு முதலில் ஊன்றிநிற்க இடம் கொடுப்போம். பின்னர் நமது வலு தானே அவனைச் சென்றடையும்.

கல்லூரி அன்னை நீடூழி வாழ்க!